வெள்ளைப் பாம்பு சொல்லும் வரலாறு

2023ஆம் ஆண்டில் கோவை மாநகரின் தென்பகுதியில் வெண்ணிற நாகம் ஒன்று பிடிபட்டது. பாம்பு பிடிப்பதில் பயிற்சி பெற்றவர்கள் அதனை மீட்டனர். பின்னர் அது காட்டில் விடப்பட்டது. செய்தித்தாள்களில் அதன் படத்தைக் கண்டவர்கள் பலவாறு பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். தெய்வமே அவ்வுருவில் வந்தது என்றனர் சிலர். இது நல்ல பாம்பே அன்று, வேறோர் இனம் என்றனர் சிலர். இத்தகைய பாம்பு என்ன விலை போகும் என்று கேட்டவர்களும் உண்டு.

இவ்வாறு பேசுவதில் வியப்பில்லை. கொங்கு நாட்டில் பாம்பு வெறும் ஊர்வன அன்று. திருச்செங்கோட்டு மலைக்கு நாககிரி என்றொரு பெயர் உண்டு. அம்மலையில் ஏறிச் செல்லும் வழியில் பாறையிலே செதுக்கப்பட்டுள்ள பெரிய நாகத்திற்கு இன்றும் மக்கள் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குகின்றனர். அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் மேடைதோறும் நாகக்கற்களைக் காணலாம். அத்தகைய நாட்டில் கரிய நாகத்திற்கிடையே வெள்ளை நாகம் ஒன்று தோன்றினால், அதற்கு ஒரு பொருள் கற்பிக்க மக்கள் மனம் விழைவது இயல்பே. ஆயினும், மாணவர்களே, அந்த வெண்மைக்கு உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. அது பட்டாணிச் செடியில் தொடங்கிப் புலியையும் பாம்பையும் கடந்து, இறுதியில் நம் வீட்டுத் திருமணப் பந்தல்வரை வந்து நிற்கிறது. அவ்வரலாற்றையே இன்று சொல்ல முன்வந்தேன்.

முதலில் வெள்ளைப் பாம்பை அடையாளம் காணும் முறையை அறிந்துகொள்வோம். வெளிறித் தோன்றும் பாம்பெல்லாம் வெள்ளைப் பாம்பு ஆகிவிடாது. சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்னர் எந்தப் பாம்பின் உடலும் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கண்களிலும் நீலம் கலந்த பால்படலம் படரும். சட்டை கழன்றதும் பழைய நிறம் மீண்டுவிடும். இஃது ஒரு பருவ மாற்றமே.

பாம்பின் தோலில் நிறம் தரும் உயிரணுக்கள் ஒருவகை மட்டும் அல்ல. கருமை தரும் மெலனின் என்னும் நிறமியைக் கொண்டவை ஒருவகை. மஞ்சளும் சிவப்பும் தருபவை மற்றொரு வகை. ஒளியைத் திருப்பிவிட்டு மினுமினுப்பைத் தருபவை இன்னொரு வகை. இவற்றுள் மெலனின் மட்டும் இல்லாமல் பிறந்த பாம்பையே ஆல்பினோ என்கின்றனர். அதன் மற்ற நிறங்கள் அழிவதில்லை. ஆகவே ஆல்பினோப் பாம்பு பெரும்பாலும் சுண்ணாம்புபோல் வெளுத்திராது. இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து காணப்படும். உறுதியான அடையாளம் அதன் கண்ணே. கண்ணிலும் கருமை இல்லாமையால் உள்ளிருக்கும் குருதியின் நிறம் தெரிந்து, கண் சிவந்து தோன்றும். உடல் முழுதும் வெளுத்திருந்தும் கண் கருமையாகவோ நீலமாகவோ இருந்தால் அது வேறொரு நிலை. அங்கே நிறவணுக்களே தோலில் சரிவர அமையவில்லை என்று கொள்ளவேண்டும். மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள்: வெண்மை நிறத்தைப் பற்றியதே அன்றி நஞ்சைப் பற்றியதன்று. வெள்ளை நாகத்தின் கடியும் கரிய நாகத்தின் கடியைப் போன்றே உயிரைப் போக்கும்.

இந்த வெண்மை எங்கிருந்து வருகிறது? 1865ஆம் ஆண்டில் புருன் நகரத்துத் துறவியாகிய கிரிகோர் மெண்டல், பட்டாணிச் செடிகளைக் கொண்டு தாம் செய்த ஆய்வுகளை ஓர் அவையில் படித்தார். அடுத்த ஆண்டு அவை அச்சேறின. ஒவ்வொரு பண்பிற்கும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபுக்கூறுகள் வந்து சேர்கின்றன என்பதே அவ்வாய்வின் சாரம். அவற்றுள் ஒன்று ஓங்கி நிற்கும். மற்றொன்று ஒடுங்கி மறைந்திருக்கும். ஒடுங்கிய கூறு இரண்டு ஒன்றுகூடினால் மட்டுமே அப்பண்பு வெளியே தெரியும். உலகம் இவ்வுண்மையை முப்பத்தைந்து ஆண்டுகள் கவனியாதிருந்து, 1900ஆம் ஆண்டில் மீண்டும் கண்டெடுத்தது. இரண்டே ஆண்டுகளில் பிரான்சு நாட்டு லூசியன் குவேனோ, சாம்பல்நிறச் சுண்டெலியையும் வெள்ளைச் சுண்டெலியையும் கலந்து வளர்த்து, வெண்மை ஓர் ஒடுங்கிய பண்பு என்று காட்டினார். 1908இல் இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட், உடலின் வேதிவினையில் பிறவியிலேயே நேரும் குறைகள் சிலவற்றை எடுத்துரைத்தபோது, மனிதரிடம் காணும் இவ்வெண்மையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். சாபமும் தெய்வச்செயலும் என்று எண்ணப்பட்டது, உடலில் ஒரு வேலை நடவாமல் நின்றுபோனதன் விளைவு என்று அன்று தெளிவாயிற்று.

வகுப்பில் இதனை விளக்க நான் இரண்டு காசுகளைச் சுண்டிக் காட்டுவதுண்டு. தலை விழுந்தால் வெள்ளைக் கூறு, பூ விழுந்தால் கருமைக் கூறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசு தந்தை, மற்றொன்று தாய். இரண்டிலும் தலை விழுந்தால்தான் குட்டி வெள்ளை. பலமுறை சுண்டினால் ஏறத்தாழ நான்கில் ஒருமுறை அவ்வாறு நிகழும். வெளித்தோற்றத்தில் கருமையாக உள்ள இரு பெற்றோர்க்கு வெள்ளைக் குட்டி பிறக்கும் புதிரை இரு காசுகள் விடுவித்துவிடுகின்றன.

இப்புதிரை நம் நாட்டிலேயே உலகறிய விளக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு மே மாதம் மத்திய இந்தியாவில் ரீவா நாட்டுக் காட்டில் வெள்ளைப் புலிக்குட்டி ஒன்று பிடிபட்டது. ரீவா மன்னர் மார்த்தாண்ட சிங் அதனைக் கோவிந்தகட் அரண்மனையில் வைத்து வளர்த்தார். மோகன் என்று அதற்குப் பெயர். அது கறுத்த கோடுகளும் நீலக் கண்களும் உடையதாகையால் முழுமையான ஆல்பினோ அன்று. ஆனால் அதன் வெண்மையும் ஒடுங்கிய பண்பே. பேகம் என்னும் சாதாரணப் பெண்புலியோடு மோகன் சேர்ந்தபோது பிறந்த குட்டிகள் அனைத்தும் வழக்கமான மஞ்சள் நிறத்தனவாகவே இருந்தன. வெண்மை அழிந்துவிட்டதா? அழியவில்லை, ஒளிந்திருந்தது. அக்குட்டிகளுள் ஒன்றாகிய ராதாவையே மோகனோடு சேர்த்தனர். 1958ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ராதா ஈன்ற நான்கு குட்டிகளும் வெள்ளை. கணக்கின்படி பாதி வெள்ளையாக இருந்தாலே போதும். நான்கும் வெள்ளையாதல் பதினாறில் ஒருமுறை நேரக்கூடியது. அவற்றுள் மோகினி என்பது 1960ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரத்து விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்றது. வண்டலூரில் நீங்கள் கண்டு வியக்கும் வெள்ளைப் புலிகளின் கதையும் இவ்வகைக் கதையே.

ஆனால் இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மறைந்திருக்கும் வெண்மையை விரைவில் வெளிக்கொணர ஒரே வழி, தந்தையையும் மகளையும், அண்ணனையும் தங்கையையும் கூட்டுவதே. அவ்வாறு கூட்டும்போது வெண்மை மட்டும் தனியே வெளிவருவதில்லை; அக்குருதியில் ஒடுங்கிக் கிடந்த வேறு பல குறைகளும் உடன் வெளிவருகின்றன. வெள்ளைப் புலிகளின் மாறுகண் அந்நிறத்தின் கூறோடு தொடர்புடையது. ஆயினும் நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கலந்ததால் வேறு பிறவிக்குறைகளும் நேர்ந்துள்ளன.

பாம்பின் வரலாறு இதனினும் நுட்பமானது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கோஃபர் பாம்பு என்று ஒன்று உண்டு. மண்ணில் வளை தோண்டிப் பயிரைக் கெடுக்கும் கோஃபர் என்னும் கொறிவிலங்கையும் எலிகளையும் பிடித்துத் தின்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. நஞ்சில்லாதது, ஆயினும் அச்சுறுத்தினால் தலையைத் தட்டையாக்கிச் சீறி, வாலைச் சருகிலே அடித்து, நச்சுப்பாம்புபோல் நடிக்கும். நம் வயல்களில் எலியைத் தின்று உழவனுக்கு உதவும் சாரைப்பாம்பு செய்யும் தொழிலையே அங்கே அது செய்கிறது. இந்தக் கோஃபர் பாம்பிலும், அதன் உறவினமாகிய சோளப் பாம்பிலும், எப்போதாவது ஆல்பினோக் குஞ்சு தோன்றுவதுண்டு. அமெரிக்கர் பலர் அவற்றைப் பெட்டிகளில் வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர்.

அவ்வழக்கத்தை அறிவியலாக்கியவர் ஜார்ஜியா மாநிலத்துத் தோல்நோய் மருத்துவர் பெர்னார்டு பெக்டெல். காட்டில் பிடிபட்ட ஆல்பினோச் சோளப் பாம்பு ஒன்றைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தார். பிறந்த குஞ்சுகள் எல்லாம் சாதாரண நிறத்தவை. அடுத்த தலைமுறையில், 1961ஆம் ஆண்டில், ஆல்பினோக் குஞ்சுகள் தோன்றின. 1962இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சுண்டெலிக்கும் பட்டாணிக்கும் உரிய விதியே பாம்புக்கும் உரியது என்று உறுதி செய்தது.

இங்கே அடையாளம் காணும் கலை மேலும் கடினமாகிறது. வெள்ளைக் குஞ்சைக் கண்ணால் அறியலாம். ஆனால் வெள்ளைக் கூறு ஒன்றை மறைத்து வைத்திருக்கும் சாதாரணக் குஞ்சை எவ்வாறு அறிவது? அதன் தோலிலோ கண்ணிலோ எவ்வகை அடையாளமும் இராது. மறைகூறுடைய இரு பெற்றோர்க்குப் பிறந்த சாதாரண நிறக் குஞ்சுகளுள் மூன்றில் இரண்டு அக்கூறுடையனவாக இருக்கும் என்று கணக்குச் சொல்லும். எந்த இரண்டு என்று கணக்குச் சொல்லாது. அதற்குச் சோதனைக் கலப்பே வழி. ஐயமுள்ள பாம்பை ஆல்பினோவோடு சேர்க்கவேண்டும். ஒரே ஒரு குஞ்சு வெள்ளையாகப் பிறந்தாலும் ஐயம் தீர்ந்தது. ஆறு குஞ்சுகளும் கருத்துப் பிறந்தால், அப்பாம்பு வெள்ளைக் கூறு உடையதாயிருந்தும் இவ்வாறு நேர்ந்திருக்கும் வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்றே. அறிவியல் இங்கே முற்றும் உறுதி கூறுவதில்லை. எவ்வளவு நம்பலாம் என்று அளந்து கூறுகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஆல்பினோக்களைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாகவே இருக்கும் என்றுதானே எண்ணுவோம்? சில சமயம் அனைத்தும் சாதாரண நிறத்தில் பிறக்கின்றன! காரணம் இது: மெலனின் உருவாகப் பல படிகள் உண்டு. டைரோசினேஸ் என்னும் நொதி இல்லாமையால் ஒரு பாம்பு வெளுக்கலாம். அந்நொதி இருந்தும் வேறொரு படி தடைப்பட்டு மற்றொரு பாம்பு வெளுக்கலாம். ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று கொடுப்பதால் குஞ்சுக்கு நிறம் திரும்புகிறது. இவ்விரு வகைகளைப் பெக்டெலும் அவருடன் உழைத்தோரும் 1980ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடச் சோதனையால் பிரித்துக் காட்டினர். 2015இல் சோளப் பாம்பின் வெண்மைக்குக் காரணமான ஜீன் இன்னதென்று கண்டறியப்பட்டது. அதன் பெயர் ஓ.சி.ஏ. இரண்டு. மாணவர்களே, அதே ஜீன் மனிதரிடமும் உண்டு. அது பழுதுபட்டால் மனிதக் குழந்தையும் வெண்மையாய்ப் பிறக்கிறது. பாம்புக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது.

இனி நம் கோவைக்குத் திரும்புவோம். மரபை ஆளும் கலையில் இந்நகர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது நடந்த வழி வேறு. 1912ஆம் ஆண்டில் இங்கே கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கரும்பு நன்கு பூக்கும் தட்பவெப்பம் இங்கே அமைந்திருந்ததே இடத்தேர்வுக்குக் காரணம். பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும், அவருக்குப் பின் தலைமையேற்ற வெங்கட்ராமனும் ஒரு துணிவான செயலைச் செய்தனர். இனிப்பும் பருமனும் உடைய நாட்டுக் கரும்பை, நாணல்போல் மெலிந்து காட்டில் வளரும் பேய்க்கரும்போடு கலந்தனர். அந்த நாட்டுக் கரும்பின் பெயர் என்ன தெரியுமா? ‘வெள்ளை’ என்பதே! அக்கலப்பில் தோன்றிய கோ 205 என்னும் வகை 1918ஆம் ஆண்டில் பஞ்சாபுக்கு வழங்கப்பட்டது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கி நின்ற அவ்வகையும், அதன்பின் வந்த கோவைக் கரும்புகளும் நாட்டின் சர்க்கரைத் தொழிலையே மாற்றியமைத்தன.

இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரீவாவில் அழகைத் தேடி உறவை நெருக்கினர்; ஒடுங்கிக் கிடந்த குறைகள் வெளிவந்தன. கோவையில் உரத்தைத் தேடித் தொலைவில் இருந்தவற்றை இணைத்தனர். ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறை மூடியது. இரண்டிலும் இயங்குவது ஒரே விதி. அவ்விதியை எத்திசையில் செலுத்துகிறோம் என்பதே வேறுபாடு.

இதனை நம் குடும்பங்களிலும் பொருத்திப் பார்க்க நான் தயங்கவில்லை. கொங்கு வேளாளரிடையே கூட்டம் என்னும் குலப்பிரிவு உண்டு. ஒரே கூட்டத்தார் உடன்பிறந்தார்க்கு ஒப்பாவர். அவர்களுக்குள் மணவுறவு இல்லை. இரத்தம் நெருங்கலாகாது என்னும் முன்னோர் எண்ணம் அவ்வழக்கத்தில் விளங்குகிறது. ஆனால் கூட்டம் என்பது தந்தை வழியைப் பற்றியது. மரபுக்கூறோ தாய் வழியிலும் பாதி வருகிறது. ஆகவே கூட்டம் வேறாயினும், மாமன் மகளை மணக்கும்போது இருவர்க்கும் பொதுவான மரபு எட்டில் ஒரு பங்காகும். தமிழகத்தில் பல குடியினரிடையே உள்ள அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தில் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். உறவு மணத்தில் பிறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர் என்பது உண்மை. ஆனால் மறைந்த இரு கூறுகள் சந்திக்கும் வாய்ப்பு அங்கே மிகுதி என்பதும் உண்மை. சொத்துப் பிரியாதிருக்கவும் உறவு விட்டுப்போகாதிருக்கவும் செய்யும் ஏற்பாட்டில் இக்கணக்கையும் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. வெண்மையாய்ப் பிறந்த குழந்தையைக் கண்டு தாயைப் பழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், பாம்பை அடித்த பாவம் என்றும் சொல்கிறார்கள். மெண்டல் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டவர் இப்பழியைச் சொல்லார். ஒடுங்கிய பண்பு வெளிப்பட இருபுறமிருந்தும் ஒவ்வொரு கூறு வரவேண்டும். தாய் தந்தாள் எனின் தந்தையும் தந்திருக்கிறான். தந்தவர்க்கே தம்மிடம் அது இருந்தது தெரியாது. தெரியாமல் சுமந்ததற்கு யார் குற்றவாளி? அக்குழந்தைக்கு வேண்டியவை சில உதவிகளே: வெயிலுக்கு மறைப்பு, முழுக்கைச் சட்டை, தொப்பி, ஏற்ற கண்ணாடி, வகுப்பிலே முன்வரிசையில் ஓரிடம். அத்தகைய மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால், அவரைக் கேலியின்றி நட்போடு நடத்துவதும் அவ்வுதவிகளுள் ஒன்று.

வெள்ளைப் பாம்புக்கு நாம் செய்யத்தக்கது யாது? ஜப்பானில் இவாகுனி என்னும் ஊரில் வெள்ளைப் பாம்புகள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நம் சரசுவதியின் ஜப்பானிய வடிவமான பென்சைத்தென் தேவியின் தூதர் என்று மக்கள் அவற்றைப் போற்றி வந்தனர். 1924இல் அவை வாழுமிடமும் 1972இல் அப்பாம்புகளும் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அங்கே மக்களின் பத்தி பாம்புக்குக் காவலாயிற்று. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாகத்திற்கும் சாரைக்கும் காவலாக உள்ளது. அவற்றைப் பிடித்து வைப்பதும் விற்பதும் குற்றம். வெள்ளை நாகத்தைக் கண்டால் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்வதே கடமை.

காட்டில் விட்டால் அது பிழைக்குமா என்று கேட்பீர்கள். வெண்மை மறைந்து வாழ உதவாது. பருந்தும் மயிலும் எளிதில் கண்டுகொள்ளும். ஆயினும் குஞ்சுப் பருவத்து இடர்களைக் கடந்து வளர்ந்துவிட்ட பாம்பு, தன்னால் வாழ முடியும் என்று காட்டிவிட்ட பாம்பு அன்றோ? அதனைப் பெட்டியில் அடைத்து உறவோடு கூட்டி வெண்மையைப் பெருக்குவது நம் கண்ணுக்கு விருந்தாகலாம்; அப்பாம்புக்கு நன்மையாகாது. காட்டில் அது தொலைவிலிருந்து வந்த கரிய நாகத்தோடு சேரும். அதன் குஞ்சுகள் கரியனவாகவே பிறக்கும். வெண்மை மீண்டும் ஒடுங்கி, யாரும் அறியாமல் கொங்கு நாட்டு வேலியோரங்களில் ஊர்ந்து செல்லும். இன்னொரு தலைமுறையில் எங்கேனும் ஒரு முட்டையிலிருந்து தலைகாட்டும். அன்று அதனைக் காண்பவர்கள் அஞ்சாமலும் விலைபேசாமலும், இது நல்ல பாம்பே, நிறம்தான் வேறு என்று சொல்லக் கற்றிருப்பார்களாயின், நாம் படித்த படிப்பு பயனுடையதாகும்.